கெட்ட செய்தி அன்றைக்கே வந்துவிட வேண்டும்: காசநோய் ஆய்வுக்கு வரும் இளையவர்களைப் பயிற்றுவிக்கும் முறை

எம்.எஸ்சி. முடித்த ஒருவர் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கடிதத்தோடு உங்கள் அறை வாசலில் நிற்கிறார். நீங்கள் முதல் முறையாக கைடு ஆகியிருக்கிறீர்கள். அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு அவர் உங்கள் பொறுப்பு. சென்னையில் காசநோய் நுண்ணுயிரியலில் 24 ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் இப்படி வந்தவர்களோடுதான் போனது. எனக்குப் பயன்பட்ட முறைகளை இங்கே எழுதுகிறேன். பெரிய லேபோ சின்ன லேபோ, எங்கும் செய்யக்கூடியவைதான்.

ஒரு விஷயத்தை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஈ.கோலை கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். காசநோய்க் கிருமிக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். அதை வளர்க்கும் எல்.ஜே. மீடியத்தில் கண்ணுக்குத் தெரிய மூன்று வாரம் பிடிக்கும். 'வளர்ச்சி இல்லை' என்று முடிவு எழுத எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். மற்ற கிருமிகளில் இன்றைக்குச் செய்த தவறு நாளைக் காலை தட்டில் தெரிந்துவிடும். நம்மிடம் இன்றைய தவறு தெரிய இரண்டு மாதம் ஆகலாம். அதற்குள் அந்த நோயாளி மாத்திரை சாப்பிட ஆரம்பித்திருப்பார். முதல் நாள் கொடுத்த சளியைப் போல இன்னொன்று அவரிடமிருந்து கிடைக்காது.

ஆகவே தவறு செய்தவர் அன்றைக்கே உங்களிடம் வந்து சொல்ல வேண்டும். சொல்லும் தைரியத்தை அவருக்குக் கொடுப்பது உங்கள் வேலை. கீழே எழுதியிருக்கும் எல்லாமே அதற்காகத்தான்.

முதல் இரண்டு வாரம் லேபுக்குள் விடாதீர்கள்

புதியவர் சேர்ந்த அன்றே பைப்பெட்டைத் தொட ஆசைப்படுவார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் அவரைக் காசநோய் மையத்துக்கு அனுப்புங்கள். அங்கே வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளரோடு அவரும் போகட்டும். சளி எடுக்கும் இடத்தில் ஒரு காலை முழுவதும் நிற்கட்டும். திறந்த வெளியில், வெயிலில், மற்றவர்களிடமிருந்து விலகி நின்று ஒரு பெரியவர் மூச்சை ஆழ இழுத்து இருமி எடுப்பதையும், அவருக்கு வருவது பல நேரம் வெறும் எச்சிலாக இருப்பதையும் பார்க்கட்டும். 'மாதிரி தரமில்லை' என்று ரெஜிஸ்டரில் எழுதப்படும் வரிக்குப் பின்னால் ஒரு களைத்த மனிதர் இருக்கிறார் என்பது அங்கே நிற்கும்போதுதான் புரியும். அதைப் பார்த்துவிட்டு வந்தவர் ட்யூபை அலட்சியமாகக் கையாண்டு நான் பார்த்ததில்லை.

அந்த இரண்டு வாரத்தில் ஒப்புதல் படிவத்தையும் அவரையே வாசித்து விளக்கச் சொல்லுங்கள். 'சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு' என்று படிவத்தில் இருக்கும். அது யாருக்குப் புரியும்? என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் அதைச் 'சீட்டு குலுக்கிப் போட்டு எடுக்கிற மாதிரிம்மா' என்று விளக்கினார். நன்றாகத்தான் சொன்னார். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த அம்மா, 'சீட்டு எனக்கு விழலைன்னா மாத்திரை கிடையாதா?' என்று கேட்டுவிட்டார். இரண்டு பக்கத்தில் இருப்பவர்களுக்கும் சிகிச்சை உண்டு, எந்த முறை என்பதுதான் சீட்டில் வரும் என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு இன்னும் பத்து நிமிடம் ஆனது. மருத்துவ ஆய்வின் அறத்தை அந்தப் பத்து நிமிடத்தில் அவர் கற்றுக்கொண்ட அளவுக்கு எந்த வகுப்பிலும் கற்றிருக்க மாட்டார்.

கை பழக வேண்டும்

அப்புறம் லேப். பிஎஸ்எல்-3 அறைக்குள் (ஆபத்தான கிருமிகளைக் கையாளும் உயர் பாதுகாப்பு அறை) போகும் முன் என்-95 முகக்கவசம் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். தலையை ஒரு உறையால் மூடி, உள்ளே சாக்கரின் கரைசலைத் தெளிப்பார்கள். நாக்கில் இனிப்பு தெரிந்தால் கவசத்தின் ஓரத்தில் காற்று புகுகிறது என்று அர்த்தம். தாடி வைத்திருக்கும் பையன்களுக்குக் கவசம் முகத்தோடு ஒட்டாது. இதைச் சேரும் முன்பே சொல்லிவிடுங்கள். மத நம்பிக்கைக்காகத் தாடி வைத்திருப்பவரிடம் 'எடுத்துவிடு' என்று சொல்லாமல், காற்றைச் சுத்திகரித்துத் தரும் முழுத்தலைக் கவசத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

முதல் மாதம் உயிருள்ள காசநோய்க் கிருமி வேண்டாம். கலர் தண்ணீரை வைத்து முழுச் செய்முறையையும் செய்து காட்டச் சொல்லுங்கள். தண்ணீரில் ஃப்ளூரசின் சாயத்தைக் கலந்துவிட்டு, வேலை முடிந்ததும் விளக்கை அணைத்துப் புற ஊதா டார்ச்சை அடித்துப் பாருங்கள். கையுறை, மேசை, ட்யூப் மூடி, சில நேரம் முழங்கைவரைகூடப் பச்சையாக ஒளிரும். எதுவும் சிந்தவில்லை என்று உறுதியாக நினைத்திருந்தவர் அதைப் பார்த்ததும் பேசாமல் நின்றுவிடுவார். நூறு முறை எச்சரிப்பதைவிட அந்த ஒரு தடவை போதும். அடுத்த மாதம், மூன்றே நாளில் வளரும், பொதுவாக நோய் தராத உறவுக் கிருமியான ஸ்மெக்மாட்டிஸை வைத்துப் பழகட்டும். பிறகு காசநோய்க் கிருமியிலேயே வீரியம் குறைந்த எச்37ஆர்ஏ வகை. அதற்கும் பிறகுதான் வீரியமுள்ள எச்37ஆர்வியும் நோயாளிகளின் மாதிரிகளும்.

சென்ட்ரிஃபியூஜுக்குள் ட்யூப் உடைந்தால் என்ன செய்வது என்பதையும் ஒத்திகை பாருங்கள். மூடியைத் திறக்கக் கூடாது. எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும், கதவை மூட வேண்டும், குறைந்தது அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். கேட்கும்போது இது சுலபமாகத்தான் இருக்கிறது. நிஜமாக ஒரு நாள் அந்தச் சத்தம் கேட்டால் கை தானாக மூடிக்குத்தான் போகும். அதனால்தான் ஒத்திகை.

ஸ்லைடு பார்க்கக் கற்றுக்கொடுக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். லேபிலேயே மூத்த டெக்னீஷியனிடம் விட்டுவிடுங்கள். கார்பால் ஃபுக்சின் சாயத்தைச் சூடாக்கும்போது ஆவி எழ வேண்டும், கொதிக்கக் கூடாது. அந்த நுணுக்கம் அவர் கையில் இருக்கிறது. நூறு புலத்தில் (நுண்ணோக்கியில் ஒரு தடவைக்குத் தெரியும் வட்டம் ஒரு புலம்) பத்திலிருந்து தொண்ணூற்றொன்பது கிருமிவரை தெரிந்தால் ஒரு பிளஸ், ஒன்பதோ அதற்குக் குறைவோ என்றால் எண்ணிக்கையை அப்படியே எழுத வேண்டும் என்று விதி சொல்கிறது. பதினெட்டாவது புலத்தில் தெரிந்தது கிருமியா, படிந்த சாயத் துகளா என்று சொல்ல முப்பது வருடம் பழகிய கண் வேண்டும். பிஎச்டி படிக்க வந்தவர் டெக்னீஷியனை 'சார்' என்று கூப்பிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்பதை முதல் வாரத்திலேயே வழக்கமாக்கிவிடுங்கள். பின்னாளில் இவர் செய்யும் தவறை முதலில் கவனிக்கப்போவது அவர்தான்.

கான்டாமினேஷன் பதிவேடு

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். சளியில் காசநோய்க் கிருமியோடு வாயில் இருக்கும் மற்ற நூறு கிருமிகளும் இருக்கும். அவற்றைக் கொல்லச் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்க்கிறோம். குறைவாகச் சேர்த்தால் மற்றவை வளர்ந்து ட்யூபையே மூடிவிடும், இதுதான் கான்டாமினேஷன். அதிகமானாலோ நேரம் கூடினாலோ காசநோய்க் கிருமியும் சேர்ந்து செத்துவிடும். ஆகவே எல்.ஜே. கல்ச்சரில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து ட்யூப் கெட்டுப்போவது இயல்பு. போகவும் வேண்டும். ஒன்றுகூடக் கெடவில்லை என்றால் கவலைப்படுங்கள்.

நான் சேர்ந்த முதல் லேபில் இதை யாரும் சொல்லித்தரவில்லை. கெட்டுப்போன ட்யூபைக் காட்டினால் எல்லோர் முன்னாலும் திட்டு விழும். ஒரு முறை ஒரே நோயாளியின் இரண்டு ட்யூபும் கெட்டுப்போயின. எனக்கு வயது 25. பயத்தில் இரண்டையும் பதிவேட்டில் ஏற்றாமல் ஆட்டோகிளேவில் போட்டுவிட்டு, எட்டாவது வாரம் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதினேன். அது, மாத்திரை சாப்பிட்டும் இருமல் நிற்காமல் வந்திருந்த ஒரு அம்மாவின் சளி. மருந்துக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்று அறிவதற்காக அனுப்பப்பட்டது. அன்றைக்கே சொல்லியிருந்தால் அந்த வாரத்திலேயே இன்னொரு மாதிரி கேட்டிருக்கலாம். கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடுமே என்று நான் கேட்கவில்லை. அந்த அம்மாவுக்குப் பிறகு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியே இல்லாமல் போய்விட்டது. என்னிடம் வருகிற ஒவ்வொருவரிடமும் முதல் மாதத்திலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை. ஆனால் மேடமே இப்படிச் செய்திருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் அவர்கள் தங்கள் தவறைச் சொல்லத் தொடங்குகிறார்கள்.

என் லேபில் கான்டாமினேஷன் பதிவேடு இன்குபேட்டர் அறை வாசலில் தொங்குகிறது. அதில் தேதி, ட்யூப் எண், எந்த பேட்ச், என்ன தெரிந்தது ஆகியவை மட்டும்தான். 'யாரால்' என்ற கட்டம் கிடையாது. திங்கள்கிழமை கூட்டத்தில் அதை முதலில் படிப்போம். அந்த வாரம் நான் ஏதாவது தவறு செய்திருந்தால் அதைத்தான் முதலில் சொல்வேன். கெட்ட செய்தியோடு ஒருவர் வரும்போது உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் ரொம்ப முக்கியம். 'எந்த ட்யூப்?', 'எத்தனை மணிக்கு?' என்று கேளுங்கள். 'யார் செய்தது?' என்று ஒரு முறை கேட்டுவிட்டால் போதும், அடுத்த செய்தி உங்களிடம் வராது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையனுடைய பேட்ச்களில் மூன்று மாதமாகக் கான்டாமினேஷன் பூஜ்யம். ஸ்மியரில் (ஸ்லைடு பரிசோதனையில்) இரண்டு பிளஸ் வந்த மாதிரிகளில்கூடச் சில கல்ச்சரில் வளரவில்லை. மறைக்கிறாரோ என்ற சந்தேகம் எனக்கு வந்தது. ஒரு நாள் முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் மறைக்கவில்லை. ஒரே தடவையில் இருபது ட்யூப் எடுத்திருந்தார். எங்கள் சென்ட்ரிஃபியூஜ் பக்கெட்டில் அத்தனைக்கு இடமில்லை. இரண்டாவது சுற்றுக்குக் காத்திருந்த ட்யூப்களில் பதினைந்து நிமிடம் இருக்க வேண்டிய சோடியம் ஹைட்ராக்சைடு நாற்பது நிமிடம் இருந்துவிட்டது. ஒரு தடவைக்கு எட்டு ட்யூப் என்று குறைத்தோம், மேசையில் ஒரு டைமர் வைத்தோம். அடுத்த மாதம் நூற்றுக்கு நான்கு கெட்டது. அவர் முகத்தில் தெரிந்த நிம்மதி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: ஒரு ட்யூபிலிருந்து அடுத்ததற்குக் கிருமி தாவிவிடுவது. எல்லா ட்யூபிலும் ஊற்றும் பஃபர் கரைசல் பாட்டிலின் வாய் ஒரு ட்யூபில் பட்டாலே போதும். நோயே இல்லாத ஒருவருக்கு ஆறு மாத மாத்திரை எழுதப்பட்டுவிடும். ஒவ்வொரு ட்யூபுக்கும் பஃபரைத் தனியாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மூடியை மட்டும் திறக்கட்டும். ஒவ்வொரு பேட்சின் கடைசியிலும் கிருமி இல்லாத ஒரு ட்யூபை வையுங்கள். அதில் வளர்ந்தால் பேட்ச் முழுவதையும் சந்தேகப்படுங்கள், அன்றைக்கே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். அந்தப் போனைப் புதியவரையே பேச விடுங்கள். நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

காத்திருக்கும் வாரங்களில்

எட்டு வாரச் சுற்று என்றால் ஓர் ஆண்டில் ஆறு சுற்றுதான். மூன்று சுற்று கெட்டுவிட்டால் அரை வருடம் போய்விடும். இரண்டாம் ஆண்டில்தான் பலர் மனம் உடைகிறார்கள். கூடப் படித்தவர்கள் இரண்டு பேப்பர் போட்டிருப்பார்கள், இவர் இன்னும் ட்யூபைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் தொடக்கத்திலேயே கணினியில் செய்யும் இரண்டாவது வேலை ஒன்றையும் கொடுங்கள். எச்37ஆர்வியின் மரபணுத் தொகுதி 1998-இல் வெளியானது, சுமார் 44 லட்சம் டி.என்.ஏ. எழுத்து. அதன் பிறகு வெளியான ஆயிரக்கணக்கான மரபணுத் தொகுதிகள் பொதுவில் கிடைக்கின்றன. மருந்து எதிர்ப்பு மாற்றங்களைத் தேடிப் பழக அவை போதும், கிருமி வளரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அதோடு பழைய பேப்பர்களை வாசிக்க வையுங்கள். நான் முதலில் கொடுப்பது 1959-இல் வந்த மெட்ராஸ் ஆய்வு. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் (இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) 193 நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை) மற்றவர்களை நெருக்கடியான அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரு வருடம் ஒரே மருந்துகளைக் கொடுத்தது. நோய் அடங்கியது சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86. பேப்பரின் முடிவுப் பகுதியை மறைத்துவிட்டு, 'இந்த ஆறு சதவீத இடைவெளி வெற்றியா தோல்வியா?' என்று கேட்கிறேன். பெரும்பாலும் 'தோல்வி' என்றுதான் முதல் பதில் வரும். ஒரு பக்கத்துக்கு நூறு பேர்கூட இல்லாதபோது ஆறு சதவீதம் தற்செயலாகவும் வரலாமே என்று பிறகு தோன்றும். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, ஓய்வு குறைவு, அப்படியும் இவ்வளவு நெருங்கி வந்திருக்கிறதே என்பது அதற்கும் பிறகு. குடும்பத்தில் மற்றவர்களுக்குத் தொற்றவில்லையா என்ற கேள்வியை யாராவது தானாகக் கேட்டால் எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருக்கும். அந்த ஆய்வாளர்களும் அதைக் கேட்டார்கள், ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள், வீட்டுச் சிகிச்சையால் ஆபத்து கூடவில்லை என்று கண்டார்கள். உலகம் முழுக்க நோயாளிகள் இன்று வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடுவதற்கு அந்த ஆய்வு பெரிய காரணம்.

அடுத்தது செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வு. 1968-இல் தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பூசியோ மருந்தில்லாத ஊசியோ போட்டார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்ற முடிவு வந்தது. பதினைந்து ஆண்டு முடிவுகள் 1999-இல் வந்தபோதும் அதேதான். (சிறு குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான வகைகளிலிருந்து அது காப்பதால் பிறந்ததும் இன்றும் போடுகிறோம். இதைப் புதியவருக்கு மறக்காமல் சொல்லிவிடுங்கள்.) அவ்வளவு பேர் உழைத்த ஆய்வின் முடிவு 'பலன் இல்லை' என்று வந்தபோது அதை அப்படியே அச்சிட்டார்கள். தன் பரிசோதனையில் எதிர்பார்த்தது வரவில்லை என்று கண் கலங்கி வருபவரிடம் நான் அந்தப் பேப்பரைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

பெயர் யாருக்கு

முதல் மாதத்திலேயே, யார் முதல் ஆசிரியர், யாருக்கு எந்தப் பகுதி என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வேலை மாறினால் அதையும் மாற்றிக்கொள்ளலாம். காசநோய் வரலாற்றிலேயே இதற்கு ஒரு வலியான உதாரணம் இருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசினை 1943-இல் ரட்கர்ஸில் ஓர் அடித்தள அறையில் பிரித்தெடுத்தவர் ஆல்பர்ட் ஷாட்ஸ், 23 வயது மாணவர். 1944 பேப்பரில் அவர் பெயர் முதலில் வந்தது, எலிசபெத் புகி இரண்டாவது, கைடு செல்மன் வாக்ஸ்மன் மூன்றாவது. பேடன்ட்டில் புகியின் பெயர் இல்லை. ராயல்டி விஷயத்தில் ஷாட்ஸ் 1950-இல் தன் கைடு மீதே வழக்குப் போட வேண்டியிருந்தது. அவரும் கண்டுபிடிப்பாளர்தான் என்று ஒப்புக்கொண்டு வழக்கு முடிந்தது. இரண்டு ஆண்டு கழித்து நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது. காசநோயைக் குணமாக்கிய முதல் மருந்தின் கதை இப்படித்தான் முடிந்திருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

சளி சேகரித்தவர், வீடு தேடி அலைந்தவர், ஸ்லைடு பார்த்தவர் ஆகியோரின் பெயர்களையும் அந்தப் பக்கத்தில் எழுதுங்கள். நன்றியுரை என்ற இடத்தைத் தாண்டி ஆசிரியர் வரிசைக்குத் தகுதியானவர்கள் அவர்களில் இருப்பார்கள்.

கேட்டால்தான் சொல்வார்கள்

உதவித்தொகை பல நேரம் மூன்று நான்கு மாதம் தாமதமாக வரும். வாடகை கொடுக்க முடியாதவர் அதை உங்களிடம் தானாகச் சொல்ல மாட்டார். மாதம் ஒருமுறை நீங்களே கேளுங்கள், அலுவலகத்துக்கு நீங்களே நடந்து போய்ப் பாருங்கள். சேரும்போது ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து வையுங்கள். இரண்டு வாரம் இருமல் இருந்தால் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும், சொன்னவரை யாரும் ஒதுக்கக் கூடாது. கர்ப்பமான பெண்ணைப் பிஎஸ்எல்-3 வேலையிலிருந்து மாற்றுவதானால் மருத்துவரோடும் அவரோடும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அவருக்காக நீங்களே தீர்மானித்துவிட்டு, பிராஜெக்டை இன்னொருவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

கிளம்பும்போது

தீசிஸ் கொடுத்துவிட்டுப் போகிறவரோடு ஒரு காலைப்பொழுது மைனஸ் 80 ஃப்ரீசர் முன்னால் நில்லுங்கள். ஒவ்வொரு பெட்டியாக எடுத்து எந்த ஸ்ட்ரெயின், எந்தத் தேதி, எத்தனை குப்பி என்று பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். மார்க்கர் எழுத்து அழிந்துபோன குப்பிகள் சில இருக்கும். எது எதுவென்று உறுதியாகத் தெரியாவிட்டால் ஊகித்து எழுத வேண்டாம். 'அடையாளம் தெரியவில்லை' என்று பட்டியலில் எழுதச் சொல்லுங்கள், இருவரும் கையெழுத்திடுங்கள். அடுத்து சேர்பவர் காசநோய் மையத்திலிருந்து திரும்பி வந்ததும் முதலில் வாசிக்க வேண்டியது அந்தப் பட்டியலைத்தான்.